ஆறுமணிக்குருவியின் சொந்தக்காரரைச் சிங்கப்பூரில் தேடிப் போகிறவர்களுக்கு

தீபாவளி நெருங்கும் வாரங்களில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கால் வைக்க இடமிருக்காது. அதே வாரங்களில், நாம் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், நம் அடுக்குமாடி புளோக்குகளுக்கு மேலே இருட்டில் இன்னொரு கூட்டம் போய்க்கொண்டிருக்கும். மியன்மார், தாய்லாந்து, இந்தோசீனா, சீனாவின் தெற்கு ஓரம் என்று அங்கங்கே மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டுத் தெற்கே இறங்கிவரும் வலசைப் பறவைகள். அவற்றில் ஒன்று நீலச்சிறகு பிட்டா. ஊரில் நம் தாத்தா பாட்டிகள் ஆறுமணிக்குருவி என்று சொல்வார்களே, காலையிலும் மாலையிலும் ஆறு மணிவாக்கில் கூப்பிடும் அந்தக் குருவிக்கு இது நெருங்கிய சொந்தம். இங்கே நவம்பரில் பொழுது விடியவே ஆறே முக்கால் ஆகிவிடுவதால், நான் மனதுக்குள் இதை ஏழுமணிக்குருவி என்றுதான் கூப்பிடுகிறேன்.

சிங்கப்பூரில் 400க்கும் அதிகமான பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன. அதில் எதையாவது ஒன்றைப் பார்த்துத்தான் இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ளும் என்றால், எனக்கு அது இந்தப் பறவைதான். பச்சை முதுகு, கண்ணைக் கூசவைக்கும் நீலத் தோள், வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு, இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு காய்ந்த சருகுக்குள் நின்றால் பத்தடியில் இருந்தாலும் தெரியாது. அதைத் தேடிப் போகப் புதிதாக ஆசைப்படுகிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நாள்காட்டி

அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஒன்றிரண்டாக வரத் தொடங்கும். அக்டோபர் கடைசியும் நவம்பரும்தான் நல்ல நாட்கள். தீபாவளிக்கு முன்னே இரண்டு வாரம், பின்னே இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். கொஞ்சம் பறவைகள் குளிர்காலம் முழுக்க இங்கேயே தங்கிவிடும், மற்றவை ஓரிரு நாள் இளைப்பாறிவிட்டு இன்னும் தெற்கே போய்விடும். பிறகு மார்ச், ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, திரும்பிப் போகிறவை மறுபடி இறங்கும். அந்தச் சமயத்தில் பார்க்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இதைவிட முக்கியம் முந்தைய இரவின் வானிலை. பிட்டா இரவில் பறக்கும். நடுராத்திரியிலோ விடியலுக்கு முன்போ நல்ல மழை அடித்தால், பறந்துகொண்டிருந்தவை அப்படியே கீழே இருக்கும் ஏதாவது ஒரு பச்சைத் திட்டில் இறங்கிவிடும். ஆகவே நவம்பரில் ராத்திரி இடி மின்னலோடு மழை பெய்து காலையில் ஓய்ந்திருந்தால், வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். வானம் தெளிவாக இருந்த இரவுக்கு மறுநாள் போனால் பல நேரம் வெறும் கையோடுதான் வருவீர்கள்.

எங்கே போவது

பெரிய காடு வேண்டும் என்றில்லை. நிழலும் ஈரச் சருகும் மண்புழுவும் இருந்தால் போதும், நகர நடுவில் இருக்கும் பூங்காவில்கூட இறங்கும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது பூமலைதான், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா. அங்கே மழைக்காட்டுத் திட்டு ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய ஆறு ஹெக்டேர், 1859ல் பூமலை தொடங்குவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்த காடு. உள்ளே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே பூங்கா திறந்துவிடும், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இரண்டாவது டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா, ஹில்வியூ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். மூன்றாவது பிடாடாரி. அது ஒரு காலத்தில் இடுகாடு, 1972ல் மூடப்பட்டுப் பல வருடம் மரங்களும் புல்லுமாகச் சும்மா கிடந்தபோது வலசைப் பறவைகளுக்கு அதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் குறைவு என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் ஏக்கத்தோடு சொல்வார்கள். இப்போது சுற்றிலும் வீடுகள் எழுந்துவிட்டன, நடுவில் ஒரு பகுதியைப் பூங்காவாக விட்டிருக்கிறார்கள், பெரிய மரங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. போய்ப் பாருங்கள், பறவைகள் அந்த இடத்தை முழுக்க மறந்துவிடவில்லை.

இதையெல்லாம்விட நல்ல இடம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம். தினமும் நடக்கிற பூங்காவில் எந்த மரத்தடியில் மழைக்கு மறுநாளும் ஈரம் நிற்கிறது, எந்த மூலையில் துப்புரவாளர் சருகைக் கூட்டாமல் விடுகிறார், எங்கே ஓடை ஓரம் மண் மெத்தென்று இருக்கிறது என்று செப்டம்பரிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பறவையைத் தேடுவதற்கு முன்னால் தரையைத் தேட வேண்டும். நான் இரண்டு சீசன் வீணாக்கியது இது தெரியாமல்தான், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன், பறவை முழங்கால் உயரத்துக்கும் கீழே இருந்தது.

ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், மைனாவைவிடச் சற்றுச் சின்னது, வால் மிகக் குட்டை. தலையின் இரு பக்கமும் வெளிறிய பழுப்பு, நடு உச்சியில் ஒரு கறுப்புக் கோடு, கண்ணை மூடிப் பின்கழுத்து வரை போகும் கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, மார்பும் வயிறும் சந்தனமும் மஞ்சளும் கலந்த மாதிரி ஒரு நிறம். பறக்கும்போது சிறகில் பெரிய வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும், புதியவர்கள் பலரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

குழம்ப வைக்கும் சொந்தங்கள் மூன்று. அலையாத்திக் காட்டில் வாழும் மாங்குரோவ் பிட்டா வலசை போகாதது, பூலாவ் உபின் தீவுப் பக்கம் இருப்பது. அதன் அலகு நன்றாகத் தடித்திருக்கும், உச்சியில் அந்தக் கறுப்புக் கோடு தெளிவாக இருக்காது. கருந்தலைப் பிட்டாவை யாரும் தவறவிட முடியாது, தலை கறுப்பு, உச்சி காப்பிக்கொட்டை நிறம், உடம்பு பச்சை. மூன்றாவது ஃபேரி பிட்டா. ஜப்பான், கொரியா, தைவான், கிழக்குச் சீனாவில் கூடு கட்டி போர்னியோவில் குளிர்காலத்தைக் கழிப்பது, உலக அளவிலேயே எண்ணிக்கை குறைந்துவருவது, சிங்கப்பூரில் மிக மிக அபூர்வம். அதன் உச்சி செம்பழுப்பு, புருவம் வெளிறிய மஞ்சள், வயிறு நீலச்சிறகனைவிட வெளுத்திருக்கும், சிவப்பு வயிற்றின் நடுவே மேலே வரை ஏறியிருக்கும். நீங்கள் எடுத்த படத்தில் இந்த அடையாளங்கள் இருந்தால், உடனே அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

குரலையும் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு இரண்டாகச் சீட்டியடிக்கிற மாதிரி, உரத்த, தெளிவான குரல். வலசை வரும் இடத்தில் அதிகம் கத்தாது, ஆனால் விடியலிலும் அந்தியிலும் சில நேரம் கூப்பிடும். மெர்லின் செயலியைத் திறன்பேசியில் போட்டுவைத்தால் கேட்கிற குரலை ஓரளவு அடையாளம் சொல்லும். வீட்டில் உட்கார்ந்து கேட்டுப் பழகவும் அதில் ஒலிப்பதிவுகள் உண்டு. காட்டில் அதைச் சத்தமாக ஓடவிடாதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

என்ன கொண்டுபோவது

முதலில் வாங்க வேண்டியது பைனாகுலர். கேமரா அப்புறம். 8×42 என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம், காட்டு இருட்டுக்கு அந்த அகலம் தேவை. பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும், கை நடுக்கமும் பத்து மடங்காகும்.

கேமரா ஏற்கெனவே இருந்தால் 400 அல்லது 600 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸ் போதும். புதிதாக வாங்குகிறவர்கள் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கடைகளில் பழைய லென்ஸ்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம், நான் இன்றைக்கும் பயன்படுத்துவது அங்கே வாங்கிய பழையதுதான். பெரிய ஜூம் உள்ள ஒற்றைத் துண்டுக் கேமராக்கள் வெயிலில் கடற்கரைப் பறவைகளுக்கு அருமை, ஆனால் சென்சார் சின்னது என்பதால் மரநிழலில் படம் புள்ளி புள்ளியாக வரும், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஏர்கான் அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும், துடைக்கத் துடைக்க மறுபடி படியும். முந்தின இரவே பையில் போட்டுக் கூடத்தில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பையை மூடியபடி அரை மணி நேரம் வெளிக்காற்றில் விடுங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கும், ஆகவே வீட்டில் ஈரத்தை உறிஞ்சும் அலமாரியான டிரை கேபினட் ஒன்று இருப்பது நல்லது.

மற்றபடி மங்கிய நிற முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, தண்ணீர், தரையில் விரிக்க ஒரு சின்னப் பாய். உணவை நெகிழிப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், டெய்ரி ஃபார்ம் குரங்குகளுக்கு அந்தப் பையின் சரசரப்பு நன்றாகத் தெரியும்.

உட்காருங்கள்

இதுதான் முக்கியமான படி, பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வயதான அண்ணன். நான் பாதையில் மூன்றாவது முறையாகப் போய்த் திரும்பியபோது, மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் கையைக் காட்டி, "தம்பி, உட்காரு. நீ நடந்தா அது வராது" என்றார். "எவ்வளவு நேரம்ணே?" என்று கேட்டேன். "இன்னிக்கு லீவுதானே?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வெளிச்சம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே இடத்துக்குப் போய்விடுங்கள். பாதையை விட்டு இறங்க வேண்டாம், இறங்கினால் அபராதமும் உண்டு, அதைவிட நீங்கள் மிதிக்கப்போகும் அந்தச் சருகுதான் அதன் சாப்பாட்டுத் தட்டு. பாதை ஓரத்தில், முன்னால் ஈரச் சருகு ஒரு திட்டாகத் தெரியும்படி, முதுகை மரத்துக்குக் கொடுத்து உட்கார்ந்து, திறன்பேசியை அமைதியாக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதல் பதினைந்து நிமிடம் எதுவும் நடக்காது. அப்புறம் காடு உங்களை மறந்துவிடும். மரகதப்புறா ஒன்று நடந்து வரும். காட்டுக்கோழி வரும். கோழி கிளறும் சத்தத்தை நன்றாகக் கவனியுங்கள், காலால் சரக் சரக்கென்று விடாமல் இழுக்கும். பிட்டாவின் சத்தம் அப்படி இல்லை. தத்தித் தத்தி இரண்டு மூன்று குதி, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு சருகு ஒன்று புரளும் சின்ன ஒலி. காலால் இழுக்காமல் அலகால் சருகைப் பக்கவாட்டில் தூக்கிப் போடும். இந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதிப் பறவையைப் பார்த்த மாதிரி.

நான் முதலில் பார்த்தது அந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே கால் மணி நேரம் ஆன பிறகு. சருகுக்கு நடுவே ஒரு ரோஜா நிறக் குச்சி நகர்ந்தது. குச்சி எப்படி நகரும் என்று பார்த்தால் அது கால். அதற்கு மேலே உடம்பு இருப்பது அடுத்த நொடிதான் தெரிந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து மண்ணுக்குள் எதையோ கேட்கிற மாதிரி நின்றது, சட்டென்று குனிந்து மண்புழுவைப் பிடித்து இழுத்தது, புழு ரப்பர் மாதிரி நீண்டு வந்தது, இரண்டு முறை தரையில் அடித்து விழுங்கிவிட்டு அதே இடத்தில் அசையாமல் நின்றது. கேமரா மடியிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவே இல்லை.

படம் எடுக்கும்போது

அது குதித்துவிட்டு நிற்கும், நிற்கும்போதுதான் எடுக்க வேண்டும். ஆகவே ஷட்டர் வேகம் ரொம்பத் தேவையில்லை, 1/160 நொடி போதும், கேமரா எதன்மேலாவது ஊன்றியிருந்தால் 1/80கூடச் சமாளிக்கலாம். லென்ஸின் துளையான அப்பர்ச்சரை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்துவிடுங்கள். ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறத்தான் செய்யும், பயப்படாதீர்கள், புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா ஏமாந்து படத்தை வெளுக்கவைக்கும், அந்த வெள்ளைத் தொண்டை சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து முக்கால் வரை குறைத்துவையுங்கள். கேமரா எதையும் திருத்தாத ரா கோப்பாக எடுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும், கண் கறுப்புப் பட்டைக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணைத் தானாகப் பிடிக்கும் வசதி சில நேரம் தடுமாறும், அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்தால் பறவை தரையோடு ஒட்டிய கறை மாதிரி வரும். உட்கார்ந்து, முடிந்தால் கேமராவைத் தரையளவுக்குத் தாழ்த்தி எடுங்கள். ஷட்டர் ஒலியை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், இருட்டுக்குப் பழகிய கண்ணில் அதை அடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பத்து மீட்டருக்குள் நீங்களாகப் போகாதீர்கள். அதுவாக நெருங்கி வந்தால் அசையாமல் இருங்கள், வரும், பயமில்லை என்று தெரிந்தால் லென்ஸ் ஃபோகஸ் செய்ய முடியாத அளவுக்குக்கூட வரும். இரை தேடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உங்களையே பார்த்தாலோ, தள்ளித் தள்ளிக் குதித்துப் போனாலோ, நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்வாங்குங்கள்.

இரண்டு விஷயங்களில் நான் கண்டிப்பானவன். ஒன்று, புழு போட்டு வரவழைப்பது. அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. பணத்தை விடுங்கள். கடையில் வாங்கிய புழுவுக்காக ஒரே திறந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் பறவை, பூனைக்கும் பருந்துக்கும் சுலபமான இலக்கு. இரண்டு, ஒலிப்பதிவை ஓடவிடுவது. தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது தேடி வரும், இரவு முழுக்கப் பறந்து களைத்து வந்த உயிர், உண்டு தேற வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியோடு சண்டை போடுவதில் செலவழிக்கும். நல்ல படம் கிடைக்கிறதே என்று யாராவது அப்படிச் செய்தால், மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். "அங்கிள், வேண்டாமே, அது ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொன்னதற்கு என்னிடம் இதுவரை யாரும் கோபப்பட்டதில்லை.

செய்தி பரவினால் அடுத்த நாளே முப்பது பேர் முக்காலியோடு நிற்பார்கள். கூட்டம் இருந்தால் பின்னால் நின்று காத்திருங்கள், பைனாகுலர் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைக்கு முன்னால் இடம் விடுங்கள், உங்களுக்கு நாலு நல்ல படம் கிடைத்ததும் எழுந்து வந்துவிடுங்கள். பார்த்ததை, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், அந்தத் தேதியும் எண்ணிக்கையும் பிற்காலத்தில் உதவும். சின்னத் திட்டில் ஒற்றையாகத் தங்கியிருந்தால் சரியான இடத்தைச் சமூக ஊடகத்தில் எழுத வேண்டாம், ஒரு வாரம் கழித்துப் படத்தைப் போட்டால் படத்தின் அழகு குறைந்துவிடாது.

கண்ணாடியில் மோதிய பறவையைப் பார்த்தால்

இதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் முதல் பிட்டா காட்டில் இல்லாமல் ஒரு கட்டடத்தின் காலடியில் இருக்கலாம். இரவு விளக்கொளி குழப்பிவிடும், கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நினைத்து மோதும். சிங்கப்பூரில் இப்படி அடிபட்டுக் கிடைக்கும் வலசைப் பறவைகளில் நீலச்சிறகு பிட்டா அடிக்கடி இருக்கிறது.

உயிர் இருந்தால், மெதுவாக ஒரு துணியால் மூடி எடுத்து, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். தண்ணீர் ஊட்டாதீர்கள், சோறு போடாதீர்கள், திறந்து திறந்து பார்க்காதீர்கள், பறக்கிறதா என்று மேலே வீசிப் பார்க்கவே கூடாது. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. எந்தக் கட்டடம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், பறவை நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதைச் சொன்னால் போதும்.

போன நவம்பரில் ஒரு காலை, நான் வேலைக்குப் போகும் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரடியில் ஒன்று கிடந்தது. துப்புரவு வேலை செய்யும் அக்காதான் முதலில் பார்த்து, யாரும் மிதித்துவிடாமல் பக்கத்தில் நின்று காவல் காத்துக்கொண்டிருந்தார். கையில் எடுத்தபோது எடையே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. ஒரு கண் மூடியிருந்தது. தோளின் நீலத்தை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன், இறகின் நுனி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. அக்கா ஒரு காலணிப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார், பேனாவால் ஓட்டை போட்டோம், அழைத்துச் சொன்னோம். ஆள் வருவதற்குள் பெட்டியைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டு இருவரும் பேசாமல் நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து, உள்ளே அட்டையில் நகம் பட்டுக் கீறும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு குதி, பிறகு இன்னொன்று. "எழுந்துடுச்சு தம்பி" என்றார் அக்கா.